ஃபேக்டரி நிலத்தில் 28 ரோ ஹவுஸ்: 15 நாளுக்குள் எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டது இது: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் உங்கள் தெருக் கோடியில் பூட்டிக் கிடக்கும் ஃபேக்டரி ஷெட் இருக்கிறது. அந்த ஒன்றரை ஏக்கரில் 28 ரோ ஹவுஸ், அதாவது சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டும் வீடுகள், வரப்போவதாகச் சொல்கிறார்கள். நிலப் பயன்பாட்டை மாற்றுவது பற்றி ஆட்சேபணை இருந்தால் 15 நாளுக்குள் எழுதித் தரச் சொல்லி பேப்பரில் அறிவிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பில்டர் தெருக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார். போகலாமா, கையெழுத்துப் போடலாமா, இதை நிறுத்த முடியுமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் தெளிவாக வேண்டியது, எதைப் பற்றி உங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்பதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் மனு கோப்பில் ஒரு தாளாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

அறிவிப்பு வீடுகளைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. பெங்களூரில் இன்றும் நடைமுறையில் இருப்பது 2007ல் ஒப்புதல் பெற்ற ஆர்.எம்.பி. 2015 என்ற திருத்திய மாஸ்டர் பிளான். 2031க்கான வரைவை 2017ல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள், ஆனால் 2020ல் அதை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. நடைமுறையிலுள்ள பிளானில் அந்த ஒன்றரை ஏக்கர் தொழிற்சாலை நிலமாகக் காட்டப்பட்டிருந்தால் அங்கே வீடு கட்ட முதலில் நிலப் பயன்பாட்டை மாற்றியாக வேண்டும். கர்நாடக நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1961ன் 14-ஏ பிரிவு அதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறது: மாற்றம் பொது நலனுக்காக இருக்க வேண்டும், வேறு சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது, நாளிதழில் வெளியிட்டு 15 நாளுக்குக் குறையாமல் ஆட்சேபணை கேட்க வேண்டும். அதன் பிறகு மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் அறிவிப்பு இந்த வகை. தாசில்தார், டி.சி. (மாவட்ட ஆட்சியர்) ஆபீஸ் வழியாக நடக்கும் கன்வெர்ஷன் வேறு, இது வேறு. விவசாய நிலத்தை விவசாயமல்லாத நிலமாக்குவது கன்வெர்ஷன். அந்த ஆர்டரைக் காட்டி 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிறக்கிறது, இரண்டும் கசப்பானவை. நிலம் ஏற்கெனவே குடியிருப்பு மண்டலமாக இருந்திருந்தால் உங்களிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். விதிக்குள் அடங்கும் பிளானுக்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதம் தேவையில்லை. 'சுற்றுச்சூழல் பப்ளிக் ஹியரிங் நடத்தவில்லையே' என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் நிற்காது. கட்டடத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவதே 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு மேல்தான், அப்படித் தேவைப்படும்போதும் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை அவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. 28 வீடு, வீட்டுக்கு 2,500 சதுர அடி என்று வைத்தாலும் மொத்தம் 6,500 சதுர மீட்டர்தான் வரும். ஆகவே உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு இந்த 15 நாள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். நிலம் குடியிருப்பாக மாறிவிட்டால், மாறுவது நிலம்தான். பில்டர் காட்டும் படத்திலுள்ள 28 வீட்டுக்கும் அந்த ஆர்டருக்கும் தானாக எந்த முடிச்சும் கிடையாது. நாளைக்கே அவர் நிலத்தை விற்றுவிடலாம். வாங்குபவர் அதே குடியிருப்பு மண்டலத்தில் அபார்ட்மென்ட் கேட்கலாம். ஒன்றரை ஏக்கர் என்பது 65,340 சதுர அடி. கணக்குக்காக எஃப்.ஏ.ஆர். (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்று வைத்துக்கொண்டால் 1,30,000 சதுர அடி கட்டலாம். ஃப்ளாட் 1,300 சதுர அடி என்றால் 100 குடும்பம். உண்மையில் எவ்வளவு எஃப்.ஏ.ஆர். கிடைக்கும் என்பது மனையின் அளவையும் முன்னாலிருக்கும் ரோட்டின் அகலத்தையும் பொறுத்தது, டி.டி.ஆர். (பொது வேலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய கட்டட உரிமை) வாங்கி அதைக் கூட்டவும் வழி இருக்கிறது. ரோடு குறுகலாக இருந்தால் 100 என்பது வெகுவாகக் குறையும். எப்படி இருந்தாலும் நீங்கள் எடைபோட வேண்டியது இந்த நிலத்தில் அதிகபட்சம் என்ன வரலாம் என்பதைத்தான். பெரும்பாலான ஆட்சேபணைகள் 28 வீட்டைப் பார்த்தே எழுதப்படுகின்றன.

தராசின் மறு தட்டையும் பாருங்கள். மாற்றம் நிராகரிக்கப்பட்டால் நிலம் தொழிற்சாலை நிலமாகவே இருக்கும், பூங்காவாகிவிடாது. அங்கே ஒரு குடோனோ ஒர்க்‌ஷாப்போ வந்து விடியற்காலையில் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்கலாம், அதற்கு உங்கள் கருத்தை யாரும் கேட்கப்போவதில்லை. என் கணிப்பில், குடியிருப்புக்கு நடுவில் செத்துப்போன ஃபேக்டரி நிலம் வீடாக மாறுவது பல நேரம் தெருவுக்கு நல்லதுதான். நிறுத்துவதா, நிபந்தனையோடு ஏற்பதா என்பதைத் தெருவில் முதலில் பேசி முடிவுசெய்யுங்கள். மனுவில் இரண்டையும் வரிசையாகக் கேட்பதிலும் தவறில்லை: முதலில் நிராகரிக்கக் கோருவது, அனுமதிப்பதாக இருந்தால் இன்னின்ன நிபந்தனை என்று அடுத்துச் சொல்வது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை, இருந்தாலும் போங்கள். அங்கே ஒரு தாள் சுற்றி வரும், பேர், வீட்டு நம்பர், போன், கையெழுத்து என்று. மேலே தலைப்பு எதுவும் இருக்காது. அந்தத் தாள் பின்னால் 'தெருக்காரர்கள் சம்மதம்' என்று கோப்பில் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. கையெழுத்துப் போடுவதானால் தாளின் தலையில் 'வருகைப் பதிவு மட்டும், சம்மதம் அல்ல' என்று எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போடுங்கள். கன்னடம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் உங்கள் தெருவில் இருப்பார்கள். எந்தத் தாளாக இருந்தாலும் அதை ஒருவர் தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொன்ன பிறகே அவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வீடுகள் தனித்தனி சைட்டாகப் பிரித்து விற்கப்படுமா, அல்லது மொத்த நிலமும் ஒன்றாக இருந்து ஆளுக்கு ஒரு பங்கு எழுதப்படுமா? ரோ ஹவுஸ் என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த இரண்டும் ஒளிந்திருக்கின்றன. தனித்தனி சைட், தனித்தனி காத்தா (மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவு) என்றால் அது நிலத்தைப் பிரிப்பது. அதே 1961 சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி லேஅவுட் ஒப்புதல் வாங்க வேண்டும், உள் ரோட்டையும் பூங்கா இடத்தையும் அதிகார அமைப்புக்கு ஒப்படைக்க வேண்டிய கேள்வி வரும். மொத்தமாக ஒரே மனை என்றால் கட்டடப் பிளான் மட்டும்தான், உள்ளே இருப்பதெல்லாம் அவர்களுக்கே சொந்தம். லேஅவுட் ஒப்புதல் இல்லாமல் 28 துண்டாகப் பத்திரம் பதிந்துவிட்டு அப்புறம் காத்தாவுக்கு அலைவதுதான் இந்த ஊரில் வாங்குபவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் இடம். பதில் மழுப்பலாக வந்தால் அதையே மனுவில் எழுதுங்கள்.

அடுத்தது, கையில் கொடுக்கும் பிரவுச்சர். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 8 வீட்டுக்கு மேல் வந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுக்கு முன் விளம்பரமும் புக்கிங்கும் கூடாது என்பது 2016 சட்டம். நிலப் பயன்பாடே மாறாத நிலையில் பிரவுச்சரில் விலை போட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். கூட்டத்தில் வாயால் சொல்லும் வாக்குறுதிகளுக்கு, பார்க் தருகிறோம், ரோடு போடுகிறோம் என்பதற்கெல்லாம், லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு எழுதிக் கேளுங்கள். அந்த எழுத்தும் அனுமதி ஆர்டரில் நிபந்தனையாக ஏறினால்தான் முழுப் பலம் பெறும்.

இப்போது மனுவில் நிற்கக்கூடிய விஷயங்கள். முதல் இடம் ரோட்டின் அகலத்துக்கு. எஃப்.ஏ.ஆர்., உயரம், செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) எல்லாம் அதைச் சார்ந்திருப்பதால் விண்ணப்பத்தில் ரோடு அகலமாகவே காட்டப்பட்டிருக்கும். மெயின் ரோட்டிலிருந்து அந்த கேட் வரை ஒவ்வொரு 50 மீட்டருக்கும் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்து பாருங்கள். காம்பவுண்டிலிருந்து காம்பவுண்டுக்கு ஓர் அளவு, டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், சாக்கடைச் சிலாப் போக வண்டி ஓடும் அகலம் தனி அளவு. டேப்பில் எண் தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டு நம்பர் குறியுங்கள். படத்தில் 9 மீட்டர், இடத்தில் ஒரு வளைவில் 6.8 மீட்டர் என்று காட்ட முடிந்தால் அதுவே உங்கள் மனுவின் முதுகெலும்பு. ஒரே ஒரு இடம் குறுகலாக இருந்தாலும் சிமென்ட் மிக்சர் லாரியும் தீயணைப்பு வண்டியும் அங்கேதான் நிற்கும்.

டிராஃபிக் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், பெரும்பாலும் பலவீனமாக எழுதுவார்கள். 28 வீடு, வீட்டுக்கு இரண்டு கார் என்றால் 56 கார். காலை 8 முதல் 10க்குள் அதில் பாதி வெளியே வந்தாலும் நான்கு நிமிஷத்துக்கு ஒன்று. அதிகாரி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார். அதனால் 100 குடும்பக் கணக்கை முன்வைத்து, முனையில் இப்போது என்ன நிலைமை என்று எண்ணிக் காட்டுங்கள். பள்ளி திறந்திருக்கும் இரண்டு வார நாட்களில், காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரம், 15 நிமிஷத்துக்கு ஒரு கட்டமாக, டூ வீலர், ஆட்டோ, கார், ஸ்கூல் வேன் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு தாளில் அடங்கும் அட்டவணை போதும்.

தண்ணீரும் சாக்கடையும் டிராஃபிக்கைவிட வலுவானவை, ஏனென்றால் ஏற்கெனவே பதிவான புகார்கள் உங்களிடம் இருக்கும். 28 வீட்டில் 5 பேர் வீதம் 140 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் நாளைக்கு 18,900 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றரை. காவிரி லைனில் அவ்வளவு வருமா, போர்வெல்லா என்று கேளுங்கள். தெருவில் மேன்ஹோல் பொங்கிய தேதிகளையும் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குச் சொன்னபோது கிடைத்த புகார் நம்பர்களையும் வரிசையாக எழுதுங்கள். 'அடிக்கடி பொங்குகிறது' என்ற வாக்கியத்துக்கு இல்லாத கனம், தேதி போட்ட ஐந்து புகார் நம்பருக்கு உண்டு.

மழைநீரைப் பற்றி அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பின்னால் அதிகம் அழவைப்பது அதுதான். ஒன்றரை ஏக்கர் என்பது சுமார் 6,070 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்து, அதில் எண்பது சதவீதம் கூரையிலும் கான்கிரீட்டிலும் வழிந்தால் 2.9 லட்சம் லிட்டர் வெளியே வரும். இப்போது ஷெட்டைச் சுற்றியுள்ள மண் அதில் ஒரு பங்கைக் குடிக்கிறது. கட்டும்போது நிலத்தை ரோடு மட்டத்துக்கு மேல் இரண்டடி ஏற்றி நிரப்புவார்கள், அவர்களுக்குத் தண்ணீர் நிற்கக் கூடாதே. அந்தத் தண்ணீர் பக்கத்துப் பழைய வீடுகளின் வாசற்படிக்கு வரும். ஆகவே மூன்றைக் கேளுங்கள்: ரோட்டின் நடு முதுகை ஒப்பிட்டு மனை மட்டம் எவ்வளவு என்பதைப் பிளானில் எழுத வேண்டும், மழைநீரைத் தேக்கி மெதுவாக விட உள்ளேயே தொட்டி வேண்டும், எந்தச் சாக்கடையில் விடப்போகிறார்கள் என்று குறிக்க வேண்டும். கூடவே ராஜகாலுவே (பெரிய மழைநீர் வாய்க்கால்) பக்கத்தில் ஓடுகிறதா என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். ஆர்.எம்.பி. 2015ல் வாய்க்காலின் நடுவிலிருந்து முதல்நிலைக்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர், ஏரிக்கு 30 மீட்டர் விட வேண்டும் என்றிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் 2016ல் கூட்டிச் சொன்ன தூரங்களை உச்ச நீதிமன்றம் 2019ல் ரத்து செய்துவிட்டது. ஏரிக்கு இன்னும் 75 மீட்டர் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் எழுதாதீர்கள். பிளானில் பின்னால் திருத்தம் வந்திருக்கிறதா என்பதையும் மனு கொடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபேக்டரி என்பதால் இன்னும் இரண்டு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மண்ணில் எண்ணெயோ ரசாயனமோ ஊறியிருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், முக்கியமாகப் போர்வெல் போடுவதானால். மரங்கள் இருந்தால் எண்ணி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். தனியார் நிலமானாலும் 1976 கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்குப் பெற்ற சில இனங்கள் தவிர, மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

எழுதவே கூடாதவையும் உண்டு. என்ன மாதிரி ஆட்கள் குடிவருவார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அது தவறு, மனுவையும் கெடுக்கும். வீட்டு விலை குறையும், காற்று வராது, பார்வை மறையும் என்பவை விதிமீறலோடு சேராதவரை எடுபடுவது சந்தேகம். 14-ஏ கேட்பது பொது நலன். உங்கள் ஒவ்வொரு பத்தியும் அந்தச் சொல்லோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

மனு இரண்டு பக்கம் போதும். மேலே பேப்பர் பெயர், தேதி, அறிவிப்பு எண், சர்வே நம்பர். நீங்கள் யார், அந்த நிலத்திலிருந்து எத்தனை மீட்டரில் வசிக்கிறீர்கள் என்று ஒரு வரி. பிறகு ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் ஒரு பத்தி: உண்மை, ஆதாரம், கோரிக்கை. கடைசியில் நேரில் விசாரிக்கும்படியும் முடிவின் நகலை அனுப்பும்படியும் கேளுங்கள். நேரில் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று இந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆட்சேபணையைப் பரிசீலித்தார்களா என்பதைத்தான் பின்னால் கோர்ட் பார்க்கும், எழுத்தில் கேட்டு வைத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். கன்னடத்தில் எழுதி ஆங்கில நகல் இணைப்பது நல்லது. ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து 200 பேர் கையெழுத்திட்டால் அது ஒரே ஆட்சேபணையாகத்தான் படிக்கப்படும். பத்து வீடு, பத்து விதமான ஆதாரம் என்றால் பத்துக்கும் பதில் எழுத வேண்டி வரும்.

யாரிடம் கொடுப்பது என்பதில் இப்போது கவனம் வேண்டும். கிரேட்டர் பெங்களூர் ஆட்சிச் சட்டம் வந்து, 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து கார்ப்பரேஷனாகப் பிரிந்ததில் ஆபீஸ்களும் பொறுப்புகளும் இடம் மாறியிருக்கின்றன. பழக்கத்தில் பி.டி.ஏ.வுக்கே (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) எழுதிவிடாமல், அறிவிப்பில் எந்த அதிகாரியின் பதவியும் விலாசமும் அச்சாகியிருக்கிறதோ அவருக்கே கொடுங்கள். தபால் செக்‌ஷனில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் உள்வரவு எண்ணும் வாங்குங்கள். அன்றே ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒன்று. 15 நாளைப் பேப்பர் வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், நீங்கள் பார்த்த தேதியிலிருந்து அல்ல. 12ஆம் நாளைக் கடைசி நாளாக வைத்துக்கொண்டால் லீவு நாள் வந்து மாட்டாது. அறிவிப்பு வந்த பேப்பரின் முழுத் தாளையும் வெட்டாமல் வைத்திருங்கள், பெயரும் தேதியும் பக்கத் தலையில்தான் இருக்கும்.

மனு கொடுத்த அன்றே ஆர்.டி.ஐ.யும் போடுங்கள்: விண்ணப்பம், இணைத்த வரைபடங்கள், ஆபீஸ் குறிப்புகள். கர்நாடகத்தில் கட்டணம் 10 ரூபாய், ஒரே விஷயம், சுமார் 150 வார்த்தைக்குள் என்பது விதி. நகலோடு கோப்பை நேரில் பார்க்கவும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதால் அது இந்த 15 நாளுக்குள் உதவாது, அடுத்த கட்டத்துக்கு உதவும். அரசு ஒப்புதல் தந்துவிட்டால் மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் அந்த ஆர்டரை எதிர்த்து ரிட் மனு. அதை மாதக்கணக்கில் தள்ளினால் தாமதமே உங்களுக்கு எதிரியாகும். தெருக்காரர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டா என்ற கேள்விக்கு இதே ஊரில் பதில் கிடைத்திருக்கிறது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்ததைக் குடியிருப்பவர்கள் எதிர்த்தபோது, பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் அது பூங்கா. தனியாருக்குச் சொந்தமான ஃபேக்டரி நிலத்தில் அதே வேகம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 28 வீடுதான் என்று ஆர்டரிலேயே எண்ணைக் கட்டிப்போட முடியுமா என்பதும் உறுதியில்லாத விஷயம்தான். கேட்டு வையுங்கள், மறுத்தால் மறுத்ததற்கான காரணம் எழுத்தில் வரும். நிபந்தனைகள் ஆர்டரில் ஏறினால் அதன் நகலை வாங்கிப் பிளான் அனுமதி தரும் கார்ப்பரேஷன் ஆபீஸிலும் ஒன்று கொடுத்து சீல் வாங்குங்கள், ஏனென்றால் ஒரு ஆபீஸ் போட்ட நிபந்தனை அடுத்த ஆபீஸின் கோப்புக்குப் போய்ச் சேராமல் போவதுதான் வழக்கமாக நடப்பது. தோண்ட ஆரம்பிக்குமுன் உங்கள் காம்பவுண்ட் சுவரையும் உள் சுவர்களையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.